அண்டர்டேக்கர் கல்மண்டபத்துக்கு வந்த வரலாறு: ஒரு குண தோஷ ஆராய்ச்சி

சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் கிடைத்தார். திருக்குறளுக்குப் பழைய உரைகள் மட்டுமே பத்து என்பார்கள். ‘ஸ்மாக்டவுன்: ஹியர் கம்ஸ் த பெயின்’ என்னும் பெருங்காப்பியத்துக்கோ 20 ஆண்டுகள் கடந்தும் ஓர் உரையாசிரியர் வாய்க்கவில்லை. ஜப்பானின் யூக்ஸ் நிறுவனம் இயற்றி, அமெரிக்காவின் டி.எச்.க்யூ. 2003 அக்டோபரில் பதிப்பித்த பிளேஸ்டேஷன் 2 மல்யுத்த கேம் அது. ராயபுரம் கல்மண்டபம் தொடங்கி எண்ணூர் கத்திவாக்கம் வரை, கேம் கடைகளில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பையன்கள் அதைப் பாராயணம் செய்தார்கள். அவர்களைப் பொருட்படுத்தாத ஆய்வுலகின் பழியைத் துடைக்க இக்கட்டுரை முனைகிறது.

ஆய்வுச் சிக்கல்

வடசென்னை குத்துச்சண்டை பூமி. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று பரம்பரை கட்டி மோதிய ஊர். அங்கே மேடையேறியவன் மூக்கு உடைந்தால் மெய்யாகவே உடைந்தது. அந்த கேம் காட்டும் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் மல்யுத்தமோ யார் கெலிப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்து ஆடும் ஆட்டம். இது பொறாமைக்காரர்கள் கிளப்பிவிட்ட வதந்தி அன்று. விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியிலிருந்து தப்புவதற்காக, ‘நாங்கள் நடத்துவது வெறும் பொழுதுபோக்கு’ என்று அந்த நிறுவனமே 1989இல் நியூ ஜெர்சி செனட்டில் ஒப்புக்கொண்டது.

அப்படியிருக்க, நாக்அவுட்டைக் கண்ணால் கண்ட தாத்தாவின் பேரன், முடிவு தெரிந்த சண்டைக்கு ஏன் மயங்கினான்?

அந்தப் பேரனுக்கு மூல நூல்கள் மூன்று. முதலாவது, பெட்டிக்கடையில் விற்ற மல்யுத்த ட்ரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ரேங்க் என்று அதில் அச்சிட்டிருந்த எண்ணே வேதம். இரண்டாவது, 2002 முதல் மல்யுத்தம் காட்டிய டென் ஸ்போர்ட்ஸ் சேனல். மூன்றாவது, மேற்படி கேம். யார் பெரியவன் என்பதைச் சீட்டில் அச்சகம் தீர்மானித்தது. டிவியில் கம்பெனி தீர்மானித்தது. கேமில்தான் அது ஆடுகிறவனின் கட்டைவிரலுக்கு வந்தது. ஆகவே தொழில்முறை மல்யுத்தம் மெய்யான போட்டியாக நடக்கும் ஒரே மேடை வீடியோ கேம்தான் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

குரு பரம்பரை

பரம்பரை சொல்லாமல் வடசென்னையில் யாரும் மேடையேற முடியாது. யூக்ஸ் நிறுவனத்துக்கும் அது உண்டு. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். வடசென்னை அவரைக் குலதெய்வமாகவே கொண்டாடியது. அதே அலி 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் அன்டோனியோ இனோகி என்ற மல்யுத்த வீரரோடு 15 ரவுண்டு மோதி டிரா செய்தவர். இனோகி 1972இல் தொடங்கிய அமைப்பு நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங். 2005இல் அதன் பெரும்பங்கை வாங்கியது யார்? யூக்ஸ்!

சார்பட்டா, அலி, இனோகி, யூக்ஸ், கல்மண்டபம் என்று கொடிவழி நிறுவப்பட்டது. 2003இல் வந்த கேமுக்கு 2005இல் நடந்த வியாபாரம் எப்படி ஆதாரமாகும் என்று கேட்பவர்கள் ஆய்வு நெறி அறியாதவர்கள்.

குணங்கள்

முதல் குணம், உடம்புக் கணக்கு. திரையின் ஓரத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு சின்ன மனித உருவம் உண்டு. தலை, மார்பு, கை, கால் என அடிபட்ட இடம் மெல்ல நிறம் மாறிச் சிவக்கும். விவரமான பையன் பிக் ஷோவின் மலை போன்ற உடம்பைச் சீண்டவே மாட்டான். சின்ன உடம்புக்காரர் ரே மிஸ்டீரியோவை எடுத்துக்கொண்டு, எதிராளியின் காலை மட்டும் உதைத்துக்கொண்டே இருப்பான். கால் சிவந்ததும் ஒரு பூட்டு. பிக் ஷோ தரையைத் தட்டிச் சரணடைவார். டிவியில் இதற்குக் கம்பெனியின் சம்மதம் வேண்டும். இங்கே பட்டனை நேரம் பார்த்து அழுத்தினால் போதும்.

இரண்டாம் குணம், ஊமைத்தனம். முந்தைய பதிப்புகளில் இருந்த நேர்முக வர்ணனையை இந்தப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டு விமர்சகர்கள் குறையென்று எழுதியதைக் கடையில் பின்பெஞ்சு வரமாக ஏற்றுக்கொண்டது. “தூக்கு, தூக்குடா… அட்ச்சான் பாரு! நைனா, உன் ஆளு இன்னாடா படுத்துக்கினே கீறான், பாய் போட்டுத் தரவா?” இந்த உரைக்கு முன்னால் டிவி வர்ணனையாளர் ஜிம் ராஸின் ஆங்கிலம் எடுபடாது.

மூன்றாம் குணம், சமூக நீதி. பிளேஸ்டேஷன் பெட்டியில் இரண்டே துளைகள், இரண்டே கன்ட்ரோலர்கள். காத்திருப்பவர்கள் அதிகம். ‘கெலிச்சவன் உக்காரு, தோத்தவன் ஏந்திரு’ என்பதே சட்டம். காசு கொடுத்தவனே ஆனாலும் தோற்றால் இறங்க வேண்டும் என்ற கண்டிப்பு, நம் பொதுவாழ்வில் வேறெங்கும் நிலைபெறாதது.

நான்காவது, பாடபேதம். 2003இல் அண்டர்டேக்கர் என்ற மல்யுத்த வீரர் பைக் ஓட்டும் முரட்டு ஆளாக உலவிக்கொண்டிருந்தார். பையன்கள் கேட்டதோ சுடுகாட்டிலிருந்து எழுந்துவரும் பழைய அண்டர்டேக்கரை. அவரும் கேமுக்குள்ளே இருந்தார், பூட்டப்பட்டு. ஆடி ஆடிக் காசு சேர்த்துத்தான் அவரை மீட்க முடியும். மீட்டவர் 8 எம்.பி. மெமரி கார்டில் குடியிருப்பார். கார்டு கடைக்காரருடையது. எந்தக் கடைக் கார்டில் பழைய அண்டர்டேக்கர் இருக்கிறாரோ, அந்தக் கடை வாசலில் செருப்புக் குவியும்.

தோஷங்கள்

நடுநிலை ஆய்வாளர் தோஷத்தை மறைக்கலாகாது. நாமே ஒரு வீரனை உருவாக்கலாம் என்றார்கள். பெயரை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடிந்தது. இந்திய வீரர் என்று ஒருவரும் இல்லை. கிரேட் காளி மேடைக்கு வந்ததே 2006இல். 2007 ஜூலையில் உலகப் பட்டம் வென்று, அவ்வாண்டு இறுதியில் வந்த கேமில்தான் தலைகாட்டினார்.

பெண் வீராங்கனைகளுக்கு இந்த கேம் வைத்த போட்டிகளில் ஒன்று, எதிராளியின் உடையைக் கிழிப்பது. இதற்குச் சமாதானம் சொல்ல எந்த உரையாசிரியராலும் முடியாது.

அடுத்தது மின்சாரம். ஆட்டத்தின் நடுவில் சேமிக்கும் வசதி கேமில் கிடையாது. ஒருவர் பின் ஒருவராக 30 பேர் மேடையேறும் ராயல் ரம்பிள் போட்டியில் 27ஆவது ஆள் உள்ளே ஓடிவரும்போது கரண்ட் போனால் 30 பேரும் போனார்கள். இத்தனைக்கும் எண்ணூர் அனல்மின் நிலையம் பக்கத்திலேயே 450 மெகாவாட் திறனோடு நின்றது. சாம்பல் மொட்டை மாடி வரைக்கும் தவறாமல் வந்தது. மின்சாரம்தான் 2012இல் சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் வராமல் போனது. 2017இல் அந்த நிலையத்தையே மூடிவிட்டார்கள்.

பிற்காலப் பதிப்புகள்

டி.எச்.க்யூ. மூழ்கி, 2013இல் உரிமை 2கே நிறுவனத்துக்குப் போனது. படத்துக்கும் நிஜத்துக்கும் வேறுபாடு தெரியாத அளவுக்கு வியர்வை வரை வரைந்தார்கள். கருதுகோளில்தான் கை வைத்துவிட்டார்கள். ‘டபிள்யூ.டபிள்யூ.இ. 2கே14’ கேமில் ரெஸில்மேனியா என்னும் மல்யுத்தத் திருவிழாவின் 30 ஆண்டு வரலாற்றை ஆடலாம். ஆனால் வரலாற்றில் கெலித்தவரே கெலிக்க வேண்டும்; அன்று விழுந்த அடிகளையே திரும்ப அடிக்கும்படி கேமும் கேட்கும். கட்டைவிரலுக்கு வந்த முடிவு மீண்டும் கம்பெனிக்கே போய்விட்டது. 2கே22இல் ‘மை ஃபேக்‌ஷன்’ என்று சீட்டு சேர்க்கும் பகுதி வந்தது. பெட்டிக்கடை ட்ரம்ப் கார்டுதான்; கையில் பிடிக்க முடியாது, அவ்வளவே. ஆன்லைனில் ஆடலாம் என்பார்கள். சில ஆண்டுகளில் சர்வரையே மூடிவிடுவார்கள்.

யூக்ஸ் விலகியபின் 2019 அக்டோபரில் வந்த 2கே20 தனி அத்தியாயம். முகங்கள் கோணின, உடல்கள் மேடைக்குள் புதைந்தன. 2020 ஜனவரி 1 பிறந்ததும் கேமே திறக்கவில்லை. பெட்டியின் தேதியைப் பழைய ஆண்டுக்குத் திருப்பினால் ஓடியது. தன் பெயரில் உள்ள ஆண்டையே தாங்க முடியாத படைப்பு உலக இலக்கியத்தில் வேறு இல்லை.

முடிவு

ஹியர் கம்ஸ் த பெயின்: முதல் வகுப்பு. மகளிர் தாளில் மட்டும் தோல்வி. அந்தத் தாளைப் புதியவர்கள் எழுதித் தேறிவிட்டார்கள். 2கே24இன் டீலக்ஸ் பதிப்பு அட்டையில் வீராங்கனைகள் ரியா ரிப்ளியும் பியான்கா பெலேரும் நிற்கிறார்கள். 2கே20: அரியர். அடுத்த ஆண்டு வழக்கமான கேமை வெளியிடாமல் உட்கார்ந்து படித்து, 2022 மார்ச்சில் 2கே22 வழியாக அதையும் எழுதித் தேறியது.

பரணில் பழைய பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்கள் பெட்டியை எடைக்குப் போட்டாலும் மெமரி கார்டைப் போட வேண்டாம். பழைய அண்டர்டேக்கர் அதில்தான் இருக்கிறார்.