ஸ்மார்ட் வகுப்பில் பாடம் நடத்துவது எப்படி?

உங்கள் பள்ளிக்கும் ஸ்மார்ட் போர்டு வந்து இறங்கிவிட்டதா? வாழ்த்துகள். கீழே சொல்லும் முறைப்படி நடந்தால், நாற்பது நிமிட பீரியடில் ஐந்து நிமிடமாவது பாடம் நடத்திவிடலாம்.

முதலில் சாவி. போர்டு காணாமல் போனால் ஹெச்.எம். தலையில் விடியும் என்பதால் சாவி அவரிடம்தான் இருக்கும். அவர் மீட்டிங்கில் இருப்பார். சாவி கிடைக்கிற அன்றைக்குக் கரண்ட் இருக்காது. இரண்டும் கிடைத்துவிட்டால், பிள்ளைகளின் வருகையை ஆப்பில் ஏற்ற வேண்டியிருக்கும். வகுப்புக்குள் சிக்னல் எடுக்காது. மாடிப்படியில் மூன்றாவது படியில் நன்றாக எடுக்கும். முப்பது பேர் வகுப்புக்குள் இருக்கிறார்கள் என்று சொல்வதற்காக நீங்கள் வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருப்பீர்கள்.

போர்டில் எதை வேண்டுமானாலும் தேயுங்கள், பர்மனென்ட் மார்க்கரால் மட்டும் எழுதாதீர்கள். எழுதியவன் நான். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை. இரண்டு வருஷமாக எங்கள் போர்டில் ஒரே தேதிதான். டச் வேலை செய்யவில்லை என்றால் கடைசி பெஞ்சைக் கூப்பிடுங்கள். நீங்கள் கணக்கில் பெயில் போட்ட பையன்தான் வந்து சரிசெய்வான்.

குறை சொல்லவே பிறந்தவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். இருபது வருஷமாக இதயத்தைக் கரும்பலகையில் மாங்காய் மாதிரி வரைந்து, உள்ளே நான்கு அறை பிரித்து நடத்தியவன் நான். 2018-ல் தொடங்கி வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு அச்சிட்டார்கள். அப்புறம்தான் இதயத்தை வீடியோவில் காட்டிப் பார்த்தேன். வால்வு திறந்து மூடியதைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே பத்தாம் வகுப்பு மொத்தமும் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை சாவி வேண்டுமானாலும் தேடலாம். கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட மெஷினை விட்டால் ஆளில்லை.

கண்ணால் பார்த்ததை எழுதுவதற்கும் அதையே கூப்பிடும்போதுதான் வம்பு.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியானது. எங்கள் ஊர் கட்டுரை நோட்டுக்குள் நுழைய அதற்கு ரொம்ப நாள் ஆகவில்லை. கண்டுபிடிப்பது சுலபம்: சந்திப்பிழை இருக்காது, 'பன்முகத்தன்மை' இருக்கும், கடைசிப் பத்தி 'முடிவாக' என்று ஆரம்பிக்கும். தமிழம்மா லீவில் போன வாரம் நோட்டுகள் என் மேசைக்கு வந்தன. தலைப்பு, 'எங்கள் ஊர்த் திருவிழா'. ஒன்பது நோட்டில் ஊரே ஒற்றுமையாகத் தேர் இழுத்திருந்தது. எங்கள் ஊரில் தேரே கிடையாது. அந்த வருஷத் திருவிழாவோ, மைக்செட் தகராறில் போலீஸ் வந்து ஏழாம் நாளே நின்றுபோனது.

இந்த இடத்தில் கோபப்படக் கூடாது. மாதத்தேர்வுக் கேள்வித்தாளை நீங்களும் அதனிடம்தானே வாங்கினீர்கள்? அது கேள்வி கேட்கிறது, அதுவே பதில் எழுதுகிறது, நடுவில் டிக் அடிக்க நமக்குச் சம்பளம். அந்தத் தாளில் பாடத்திட்டத்திலேயே இல்லாத கேள்வி இரண்டு இருந்ததைக் கண்டுபிடித்ததும் ஒரு மாணவிதான், நானில்லை.

ஆகவே திட்டாதீர்கள், கேளுங்கள். ஒன்பதில் ஒருவனைக் கூப்பிட்டேன்.

"போலீஸ் வந்தன்னைக்கு நீ எங்கடா இருந்த?"

"மைக்செட் லாரிக்கு அடியில சார்."

"என்ன பாத்த?"

"செருப்புதான் சார். அம்பது அறுபது செருப்பு, எல்லாம் ஓடுச்சு."

"அதை எழுது."

எழுதினான். மொத்தம் ஏழு வரி. ஒலிபெருக்கிக்கு 'ளி' போட்டிருந்தான். பத்துக்கு எட்டு கொடுத்தேன். லீவு முடிந்து வந்த தமிழம்மா அதை ஆறாகக் குறைத்துவிட்டார்.