கட்டித் தொலைக்காத கடன்

எங்கள் ஊரில் வட்டிக்கு விடும் அண்ணாச்சியைப் பற்றி யாரும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொல்கிறேன். அவர் ஒருவன் வீட்டு வாசலில் போய் நின்றால் கையில் புரோநோட்டு இருக்கும். அதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும். ஸ்டாம்பின் மேல் பாதி, காகிதத்தின் மேல் பாதி என்று வாங்கியவனின் கையெழுத்து ஓடியிருக்கும். "இது யார் கையெழுத்து?" என்பார். அவ்வளவுதான் விசாரணை. மூன்று வருஷம் தாண்டினால் நோட்டு செல்லாது என்பதும் அவருக்கு அத்துப்படி. இரண்டே முக்கால் வருஷத்தில் வந்து, காப்பி குடித்துவிட்டு, புது நோட்டு எழுதி வாங்கிப் போய்விடுவார்.

எனக்கு எதிராக வந்த கடனுக்கு ஸ்டாம்பும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஒரே ஒரு வரி இருந்தது, என் சிபில் அறிக்கையில்.

வீட்டுக் கடன் கேட்டுப் போன வங்கியில் மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை மெல்ல என் பக்கம் திருப்பினார். வங்கிக்காரர்கள் நல்ல சேதியை வாயாலேயே சொல்லிவிடுவார்கள். திரையைத் திருப்பினால் ஆபத்து. பிராட்பேண்ட் இணைப்பு, முகவரி பெங்களூரு, பாக்கி 1,416 ரூபாய், நிலை 'ரிட்டன் ஆஃப்'. அதாவது, கம்பெனி வசூலிக்கப் பார்த்துக் களைத்துப்போய், வராக்கடன் என்று என்னைக் கைகழுவியிருக்கிறது. நான் கோவில்பட்டிக்காரன். பெங்களூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். சாப்பிட்டேன், மொய் எழுதினேன், வந்துவிட்டேன். வைஃபை போடவில்லை.

1,416 என்ற தொகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்ததில் கணக்கு பிடிபட்டது. 1,200 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 216. வாங்காத இணைப்புக்கு நான் மத்திய மாநில அரசுகளுக்கும் வரி பாக்கி.

சிபில் என்பது 2000-ல் மும்பையில் தொடங்கிய கம்பெனி. 300-லிருந்து 900 வரை நமக்கு மார்க் போடும். ரிசர்வ் வங்கியிடம் லைசென்ஸ் வாங்கி இந்த வேலையைச் செய்பவை நான்கு இருந்தாலும், மக்கள் வாயில் நாலுக்கும் பெயர் சிபில்தான். வங்கிக் கடன் மட்டும்தான் அதில் ஏறும் என்று நினைத்திருந்தேன். போஸ்ட்பெய்டு, லேண்ட்லைன், பிராட்பேண்ட் பாக்கிக்கும் அங்கே தனித்தனிக் கட்டம் இருக்கிறது. போகட்டும் என்று விடவும் முடியாது. மகாராஷ்டிராவில் பெண்ணின் மாமா மாப்பிள்ளையின் சிபிலை எடுத்துப் பார்க்க, நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனதாக 2025 பிப்ரவரியில் செய்தி வந்தது. அதே வருஷம், சிபில் சரியில்லாத ஒருவரின் பணி நியமனத்தை ஒரு பொதுத்துறை வங்கி ரத்து செய்தது சரிதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது, வேலையும் இருக்கிறது. வீடு மட்டும்தான் பாக்கி.

அறிக்கையில் இருந்த அந்த ஒரு வரி எப்படி என் தலையில் விழுந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தமிழனுக்கு இனிஷியல்தான் சொத்து. குடும்பப் பெயர் கிடையாது. பான் கார்டு விண்ணப்பமோ இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். அப்பா பெயர் ஒரு கார்டில் முன்னால் நிற்கும், இன்னொரு கார்டில் பின்னால் நிற்கும், வங்கிப் புத்தகத்தில் பாதியில் நின்றுவிடும். 'எஸ். குமார்' என்று ஒரு டவுன் பஸ்ஸில் கூப்பிட்டுப் பாருங்கள், டிரைவர் உட்பட நாலு பேர் திரும்புவார்கள். எனக்கும் அந்த ஜாதிப் பெயர்தான், அதாவது அந்த ரகம். எங்கோ ஒரு கம்ப்யூட்டர் இரண்டு குமார்களை ஒட்டவைத்து ஒருவன் ஆக்கியிருக்க வேண்டும்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தி, பாட்டுக் கேட்டு, ஒரு பெண் வந்தார்.

"அந்த கனெக்‌ஷன் என்னோடது இல்லம்மா."

"செக் பண்றேன் சார். ரிஜிஸ்டர்டு மொபைலுக்கு ஓடிபி போயிருக்கு, சொல்லுங்க."

"அது என் மொபைல் இல்லையே."

"ஓடிபி இல்லாம அக்கவுண்ட் விவரம் சொல்ல முடியாது சார். கஸ்டமர் பிரைவசி."

"அப்ப அந்த கஸ்டமர் நான் இல்லைன்னு ஒத்துக்கிறீங்களா?"

"ஓடிபி வந்தாத்தான் சார் நீங்க கஸ்டமர்."

"அப்ப கடன்?"

"அது உங்க பேர்லதான் சார் இருக்கு."

கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார். "பணம் கட்டறதுக்கு ஓடிபி வேணாம் சார். லிங்க் அனுப்பட்டுமா?"

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. யோசித்துப் பார்த்தால் நாள் முழுக்க எனக்கு நேர்மையாகப் பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

கட்டித் தொலைத்துவிடு என்பதுதான் எல்லார் வாயிலும். மேனேஜர் சொன்னார். மச்சினன், "மாமா, ரெண்டு பிரியாணி காசு, இதுக்குப் போய்..." என்றான். "ஆயிரத்து நானூறுக்கு ஏன் ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எழுதித் தள்ளிய கணக்கில் பேரம் பேசிக் கொஞ்சம் கட்டினால் கடன் மறையாது. 'செட்டில்டு' என்று பெயர் மாறி அங்கேயே உட்காரும். வங்கி மொழியில் அதற்கு அர்த்தம், முழுசாகத் தர வக்கில்லாமல் முடிந்ததைக் கொடுத்து ஒப்பேற்றியவன். முழுத் தொகையைக் கட்டினாலும், ஒரு காலத்தில் கட்டாமல் விட்டவன் என்ற வரலாறு வருஷக்கணக்கில் கூடவே வரும். வாங்காத கடனைக் கட்டி, வாங்கினேன் என்று நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். 1,416 ரூபாய் எனக்குப் பெரிசில்லை. அண்ணாச்சியிடம்கூட நோட்டைக் காட்டச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் பணம் கொடுப்பார்கள்.

இதற்கு நடுவே வாட்ஸ்அப்பில் நோட்டீஸ்கள் வேறு. கையில் தராசோடு கண்ணைக் கட்டிய நீதிதேவதை, கீழே டெல்லி வக்கீல் ஒருவர் பெயர், சிவப்பு எழுத்தில் 'லோக் அதாலத்', 'இறுதி அறிவிப்பு'. இறுதி அறிவிப்பு வாராவாரம் வந்தது. பாதி கட்டினால் போதும் என்றது ஒன்று. எது கோர்ட்டு, எது தீபாவளித் தள்ளுபடி என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சிபிலின் இணையதளத்தில் 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல' என்று ஆட்சேபம் பதிந்தேன். சிபில் அந்தக் கம்பெனியைக் கேட்டது. கம்பெனி தன் கம்ப்யூட்டரைக் கேட்டது. கம்ப்யூட்டர் ஆமாம் என்றது. ஆகவே என் ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டதாக எனக்குத் தகவல் வந்தது. சிபிலைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2005-ஆம் வருஷச் சட்டமே அப்படித்தான். முப்பது நாளைக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கடன் கொடுத்ததாகச் சொல்பவர் சரி என்று சான்று தராமல் எதையும் திருத்தக் கூடாது என்றும் சொல்கிறது. முப்பது நாளைத் தாண்டி இழுத்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு என்று 2023-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. என் விஷயத்தில் அவர்கள் தாமதமே செய்யவில்லை. தப்பான பதிலை வெகு சீக்கிரமாகச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் அண்ணாச்சி வழியைப் பிடித்தேன். கம்பெனிக்கு நேரடியாக ஒரு கடிதம். இணைப்பு கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் எங்கே, அதில் ஒட்டிய போட்டோ யாருடையது, என்ன அடையாள அட்டை காட்டினேன், மோடம் எந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கப்பட்டது, எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். பதில் வந்தது: 'உங்கள் பாக்கி 1,416 ரூபாய்.' மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் போட்ட விதிப்படி அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும். அவரை நியமிப்பதும் அதே கம்பெனிதான் என்பது விதியின் அழகு. கடிதத்தின் கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். தொலைத்தொடர்புக் கம்பெனி மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இந்த அளவு வழக்குக்குக் கட்டணம் கிடையாது, என் மாவட்டத்திலேயே போடலாம், எனக்கு நேரமும் இருக்கிறது. கடைசி விஷயம்தான் அவர்களை உலுக்கியது என்று நினைக்கிறேன்.

பதில் தேன் சொட்ட வந்தது. 'நீண்டகால வாடிக்கையாளரான தங்கள் மேல் உள்ள நல்லெண்ணத்தின் பேரில்' 1,416 ரூபாயும் தள்ளுபடி. வீட்டில் பாயசம் வைக்காத குறை. எனக்குத்தான் பகீரென்றது. தள்ளுபடி என்றால் கடன் இருந்தது என்று அர்த்தம். அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறினாலும் ஏறும். தள்ளுபடி வேண்டாம் என்று மறுபடி எழுதினேன். கொடுத்திருந்தால் காட்டு, கொடுக்கவில்லை என்றால் அழி. கடன் தள்ளுபடியை எதிர்த்துப் போராடிய ஒரே இந்தியக் குடிமகன் நானாகத்தான் இருப்பேன். மச்சினன் சாப்பாட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

விண்ணப்பம் கடைசிவரை வரவில்லை. ஒருநாள் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அந்த வரி இல்லை. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. மேனேஜர் இந்த முறை திரையைத் திருப்பவில்லை. வாயாலேயே சொன்னார்.

வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும் என்பது நாலு கம்பெனிகளுக்கும் பொது விதி. கை பழகிவிட்டதால் இன்னொரு கம்பெனியின் அறிக்கையையும் எடுத்தேன். அதில் பெங்களூரு இல்லை. எனக்கு நாமக்கல்லில் ஒரு டிராக்டர் கடன் இருந்தது. தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. தாமத நாள் என்ற கட்டத்தில் வரிசையாக 000, 000, 000. மதிப்பெண்ணும் முந்தைய அறிக்கையைவிடக் கூடுதல். அங்கேயும் 'என்னுடையது அல்ல' என்று ஒரு பட்டன் இருக்கிறது. வீட்டுக் கடன் கைக்கு வரட்டும், அப்புறம் அழுத்திக்கொள்ளலாம்.