ஆறு மாதத் தள்ளுபடி

ஹர்பிலாஸ் சார்தா அஜ்மீர்க்காரர். பால்ய விவாகத்தை ஒழித்தே தீருவது என்று டில்லி சட்டசபையில் மசோதா போட்டார். அப்போது நம் மீஞ்சூர் செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுக்கா. நம் ஜில்லாவையும் தென்னாற்காட்டையும் சேர்த்துக் கட்டிய தொகுதியின் உறுப்பினர் எம். கே. ஆச்சார்யா. சாஸ்திரத்தில் சர்க்கார் கைவைக்கலாமா என்று மல்லுக்கு நின்றார். வரி கட்டும் சொத்துக்காரர்களுக்கே ஓட்டு இருந்த காலம். தாலி ஏறவிருந்த எட்டு வயது வாக்காளரிடம் அவர் அபிப்பிராயம் கேட்டிருக்க முடியாதுதான்.

ஜில்லாவே அவர் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டிலேயே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கு 16 வயதாவது ஆகட்டும், சொத்தில் சம பங்கும் கொடுங்கள் என்று தீர்மானம் போட்டது. சென்னை சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் அதே 16-ஐத்தான் கேட்டார். டில்லி பேரம் பேசி 14-இல் முடித்தது. பையனுக்கு 18.

அந்த அக்டோபரில் சட்டம் வந்தது. அமலுக்கு வரும் நாள் 1930 ஏப்ரல் 1. ஆமாம், முட்டாள்கள் தினம்.

திருடனுக்கு நாள் குறித்துக் கொடுத்த சட்டம் இது. மீதிப் புரட்டாசியையும் மார்கழியையும் தள்ளினாலும் ஐப்பசி, கார்த்திகை, தை, மாசி, அரைப் பங்குனி இருக்கிறதே! ஆடித் தள்ளுபடி கடைசி நாள் மாதிரி நாடெங்கும் கூட்டம். 1921 கணக்கில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட மனைவியர் சுமார் 85 லட்சம். 1931-இல் 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டினார்கள். பால்ய விவாகத்தைத் தடுக்க வந்த சட்டத்தைவிடப் பெரிய கல்யாணத் தரகர் எவருமில்லை.

தேதியைத் தவறவிட்டவர்களுக்கும் வழி இருந்தது. யானம் அப்போது பிரெஞ்சுக்காரர் ஊர். சார்தா சட்டம் அங்கே செல்லாது. ஆந்திரப் பக்கத்துக் கல்யாணக் கோஷ்டிகள் போய் இறங்கியதில் அதற்குக் கல்யாணபுரம் என்றே பெயர் வந்தது. மீஞ்சூர் வழியாக வடக்கே போகும் ரயில் பாதையும் அந்தத் திசைதான். யார் யார் ஏறினார்களோ, நாம் குடும்ப ஆல்பங்களைக் கிளற வேண்டாம்.

இத்தனை சிரமமே அவசியமில்லை என்பதுதான் வேடிக்கை. மீறினால் அதிகபட்சம் ஒரு மாதம் சிறை, 1000 ரூபாய் அபராதம். ஆனால் கட்டிய தாலி செல்லும். போலீஸ் தானாக வர முடியாது. யாராவது ஒரு வருஷத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். புகார் கொடுப்பவரிடம் கோர்ட் 100 ரூபாய் வரை ஜாமீன் கேட்கும். அந்தக் காலத்தில் கையில் 100 ரூபாய் வைத்திருந்தவன் கோர்ட்டுக்கா போவான்? அதைக் கொண்டு தன் பெண்ணுக்கே முகூர்த்தம் பார்த்திருப்பான்.

சட்டத்துக்குப் பல் முளைக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை, லட்சம் ரூபாய் வரை அபராதம், போலீஸ் நேரே வரலாம். மீஞ்சூரில் எந்த மண்டபத்திலாவது பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முகூர்த்தம் குறித்திருப்பதாகக் காதில் விழுந்தால் ஜாமீனும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். 1098-க்கு ஒரு போன் போடுங்கள், காசு கிடையாது. பந்தி முடிந்தபின் அல்ல, தாலி ஏறுமுன்.