எனக்குத்தான் சார் இரும்பு

எதிர்வீட்டில் வெள்ளையடிப்பதற்காக மாடியிலிருந்து இறக்கிய சாமான்களில் பழைய தையல் மெஷினும் ஒன்று. பல வருஷம் டிவிக்கு மேசையாகவும், டிவி சுவரில் ஏறிய பிறகு இஸ்திரிப் பெட்டிக்கு மேசையாகவும் இருந்துவிட்டு, பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டியில் தலைகீழாகக் கிடந்தது. வார்ப்பிரும்புக் காலின் நடுவே சிங்கர் என்று கொட்டை எழுத்து. நான் பால் வாங்கப் புறப்பட்டவன்.

"என்னப்பா விலை?"

"ஆயிரத்து எண்ணூறு சார்."

"கிலோ கணக்குப் பார்த்தா அவ்வளவு வராதே?"

"உங்களுக்கு அது மெஷினு சார். எனக்குத்தான் இரும்பு."

இதற்கு மேல் என்ன பேரம் பேசுவது? பாலுக்குப் பதில் இரும்பு வந்ததைப் பார்த்த மனைவி எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாமல் இருப்பதற்கு என்னென்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் தனி அகராதியே உண்டு.

துணைக்குக் காந்தியை அழைத்தேன். யந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த மனுஷன், 1924இல் சிங்கர் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துப் படும் பாட்டைக் காணப் பொறுக்காமல், அன்பினால் சிங்கர் கண்டுபிடித்தது என்பது அவர் எண்ணம். ஐசக் சிங்கருக்கு அன்பு இருந்தது உண்மைதான். கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. பல பெண்களிடம் இருபதுக்கு மேல் குழந்தைகள். அத்தனைக்கும் சட்டை தைக்க வேண்டுமே, 1851இல் காப்புரிமை வாங்காமல் என்ன செய்வார்! இந்தப் பின்பாதியை மனைவியிடம் சொல்லவில்லை.

சக்கரம் அசையவே இல்லை. மெஷின் ஆயில் தீர்ந்துபோன ஏதோ ஒரு நாளில் எதிர்வீட்டுப் பாட்டி தேங்காய் எண்ணெய் விட ஆரம்பித்திருக்கிறார். தலைக்கு நல்லது தண்டுக்கு ஆகாதா என்ன? அது வருஷக்கணக்கில் இறுகி, பதம் தப்பிய அதிரசப் பாகு மாதிரி எல்லா மூட்டுகளையும் கவ்விக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, துணி சுற்றிய ஈர்க்குச்சியால் குடைந்து, நான்காம் நாள் கால் சுற்று சுற்றியது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை.

ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைக் கழற்றியபோதுதான் எனக்கே இது வெறும் இரும்பில்லை என்று பட்டது. பற்களுக்கு அடியில் கம்பளித் துண்டுபோல அமுங்கிக் கிடந்தது பஞ்சு. ஊசியால் கிளறினால் அடுக்கடுக்காக வந்தது: மேலே தலையணை உறை வெள்ளை, அதன்கீழ் பள்ளிக்கூட நீலம், அடியில் கல்யாண ரவிக்கையின் அரக்கும் ஒரு ஜரிகைப் பிசிரும். கீழடியில் அகழாய்வுக் குழிக்குள் எட்டிப் பார்த்தபோதுகூட இவ்வளவு பயபக்தியோடு நான் நின்றதில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பளபளப்பு ஆசை விடவில்லை. உடம்பில் தங்க நிறத்தில் ஸ்பிங்ஸ் படம் ஒட்டியிருந்தது. அதன்மேல் இருப்பது அரக்குப் பூச்சு, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும் என்பது ஸ்பிரிட் பட்ட பிறகு தெரிந்தது. எகிப்தில் ஸ்பிங்ஸுக்கு மூக்கு போனது யாரால் என்று இன்னும் சண்டை நடக்கிறது. எங்கள் வீட்டில் அந்தச் சண்டைக்கு இடமில்லை.

மெஷினில் பொறித்திருந்த வரிசை எண்ணை வைத்துத் தேடினேன். 'ஒய்' என்று தொடங்கினால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் பிறந்தது. ஆலையை 1980இல் மூடிவிட்டார்கள். பக்கத்து ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றும் சிங்கர் என்றே பெயர். ஆனால் நூற்றாண்டை நெருங்கும் இந்தக் கிழத்துக்கு ஊசியும் பாபினும் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கின்றன.

புது வார் மாட்டி, எண்ணெய் விட்டு, மிதித்தேன். சத்தம் அருமை. தையல்தான் விழவில்லை. இரண்டு நாள் டென்ஷன் திருகைத் திருகியதில் எனக்கு வந்தது டென்ஷன். கடைசியில் தெருமுனை டெய்லர் வந்தார். கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூட எடுக்காமல், நின்றவாக்கில் குனிந்து பார்த்தார்.

"ஊசியைத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

ஊசியின் தலைப்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்தால்தான், கீழே சுற்றும் கொக்கி மேல்நூலின் வளையத்தைக் கவ்வும். அவர் திருப்பிப் போட்டார். டக டகவென்று தையல் ஓடியது. அந்த ஆனந்தத்தில் ஒரு தலையணை உறையை நானே தைத்தேன். நேர்த்தியான தையல், நான்கு பக்கமும். தலையணையை எந்த வழியாக நுழைப்பது என்று மகள் கேட்டாள்.

செய்தி தெருவில் பரவி, மூட்டாத லுங்கிகள் வரத் தொடங்கின. போன வாரம் இரும்புக்காரரே கிழிந்த சணல் சாக்கோடு வாசலில் நின்றார். "ஓடுதாமே சார்? இந்த வாயை மட்டும் ஓட்டிக் குடுங்க." மறுக்க மனம் வரவில்லை. சாக்கை மடித்து வைத்து மிதித்தேன். மூன்றாவது தையலில் 'டிக்' என்றது. பாதி ஊசி எங்கோ தெறித்தது, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது.

அவர் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டிக்குப் போய்த் தராசை எடுத்துவந்தார்.

"என்ன சார், மறுபடி இரும்பாயிடுச்சா?"