மாட்டேன் என்று சொல்லச் சம்பளம்

1940 ஜூன் 14. ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்த நாள். பிரான்ஸின் லெ மான் ஊரில், எஞ்சிய பிரிட்டிஷ் படைக்குத் தலைவராக உட்கார்ந்திருந்த ஜெனரல் ஆலன் புரூக்குக்கு லண்டனோடு போன் தொடர்பு கிடைத்தது. தலைமைத் தளபதியிடம் பேசிக்கொண்டிருந்தபோதே ரிசீவர் கைமாறியது. இப்போது மறுமுனையில் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில்.

படையைத் திருப்பி அழைக்கக் கூடாது என்றார் சர்ச்சில். பக்கத்தில் நாம் நின்றால்தான் பிரெஞ்சு ராணுவத்துக்குத் தெம்பு வருமாம். பிரெஞ்சு ராணுவம் செத்துவிட்டது, பிணத்துக்குத் தெம்பூட்டுகிற வித்தை தனக்குத் தெரியாது என்றார் புரூக். வாக்குவாதம் அரை மணி நேரம் நடந்தது. உமக்கு உதறல் எடுத்துவிட்டதா என்று கேட்காமல் கேட்டார் பிரதமர். ஜெனரலுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கடைசியில் சர்ச்சிலே சரி என்று இறங்கி வந்தார். அடுத்த சில நாட்களில் மேற்குக் கரைத் துறைமுகங்கள் வழியாக 1,40,000-க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள்.

புரூக் பூர்வீகத்தில் அயர்லாந்தின் அல்ஸ்டர்காரர், பிறந்தது பிரான்ஸில். பீரங்கிப் படையில் வளர்ந்தவர். படபடவென்று பேசுவார், பறவைகளைக் கண்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வார்.

அப்போது ராணுவத்தின் தலைமை நாற்காலியில் இருந்தவர் சர் ஜான் டில். நல்லவர், மென்மையானவர், சர்ச்சிலுக்குச் சரியாக வராதவர். அவர் எதையும் இழுத்தடிக்கிறார் என்று பட்டப்பெயர் வைத்து நையாண்டி செய்தார் பிரதமர். 1941 நவம்பரில் டில்லை அனுப்பிவிட முடிவானது. ஆறுதல் பரிசு பம்பாய் கவர்னர் பதவி. ஈட்டி ஏந்திய குதிரை வீரர்கள் முன்னும் பின்னும் வருவார்கள் என்று ஆசையும் காட்டினார்கள். இந்தியா என்பது அந்தக் காலத்தில் லண்டனுக்கு வேண்டாத பெரிய மனிதர்களைக் கௌரவமாகக் கொட்டிவைக்கும் இடம். கடைசியில் டில் பம்பாய்க்கு வரவில்லை, வாஷிங்டனுக்குப் போனார். பம்பாய் தப்பித்ததா டில் தப்பித்தாரா என்பது பட்டிமன்றத்துக்குரிய தலைப்பு.

காலியான நாற்காலிக்கு யார்? அதற்கு முந்தைய மாதம்தான் நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் துறைமுகத்தைப் பிடிக்க ஒரே வாரத்தில் திட்டம் தீட்டும்படி புரூக்குக்கு உத்தரவு போயிருந்தது. அவர் தீட்டிக் கொண்டுவந்தது, ஏன் பிடிக்க முடியாது என்பதற்கான காரணங்களை. போர் விமானங்களின் பாதுகாப்பு அங்கே எட்டாது என்பது அதில் தலையாய காரணம். திட்டம் கேட்டேன், இடைஞ்சல்களைப் பற்றி அருமையான ஆராய்ச்சிக் கட்டுரை கொடுக்கிறாரே என்று சர்ச்சில் பொருமினார், கோர்ட்டு வக்கீலாட்டம் குறுக்கு விசாரணை செய்தார். ஜெனரல் மசியவில்லை. இப்படிப்பட்டவரைத்தான் கூப்பிட்டு நாட்டின் தலைமை ராணுவ ஆலோசகராக உட்காரவைத்தார். இதுதான் சர்ச்சில். தலையாட்டிகளை அவருக்குப் பிடிக்காது, தலையாட்டாதவர்களைச் சகிக்கவும் முடியாது.

1942 மார்ச்சில் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைமையும் புரூக்கிடம் வந்தது. பெயர் பெரிது. கையில் என்ன இருந்தது? போர்க்களத்தில் அவர் நேரடியாக நடத்தும் படை ஒன்றுமில்லை. தரைப்படை, கப்பற்படை, விமானப்படைத் தளபதிகள் அன்றாடம் காலையில் கூடிப் பேசி, உலகம் முழுதும் எங்கே எத்தனை பேரை, எந்தக் கப்பலில் அனுப்பலாம் என்று அரசுக்கு யோசனை சொல்ல வேண்டும். முடிவு பிரதமருடையது. அவரோ பாதுகாப்பு அமைச்சர் பதவியையும் தானே வைத்துக்கொண்டவர்.

இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன் பகைவன் இல்லாமலேயே கெடுவான் என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். இடிக்கிறவனுக்கும் யோசனை வைத்திருக்கிறார்: குளிர்காய்கிறவன் நெருப்பிடம் இருப்பதுபோல, ரொம்பக் கிட்டவும் போகாதே, ரொம்ப விலகியும் நிற்காதே. இந்த நெருப்போ மத்தியானம் நன்றாகத் தூங்கி எழுந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் போட்டு, விடியற்காலை 2 மணி வரை கொழுந்துவிட்டு எரிகிற ரகம். காலையில் போனால் டிராகன் போட்ட சிவப்பும் பொன்னுமான அங்கியில், வாயில் சுருட்டோடு படுக்கையில் சாய்ந்து, காகிதக் குவியலுக்கு நடுவே தரிசனம் தரும். அந்த அங்கியைப் பார்க்கவே மைல் கணக்கில் நடக்கலாம் என்று புரூக் எழுதினார். போர்க்காலத்தில் டைரி எழுதுவது விதிப்படி குற்றம், அவரோ ஒரு டைரியும் வைத்திருந்தார். மனைவிக்குச் சொல்வது மாதிரி ராத்திரிதோறும் எழுதிக்கொண்டே இருந்தார். பகலில் பிரதமரிடம் சொன்னது போக மீதி அதில் இறங்கியது.

சர்ச்சில் மேஜையைக் குத்துவார். புரூக் அதைவிடப் பலமாகக் குத்துவார். பென்சிலை இரண்டாக ஒடித்து, இதற்கு நான் உடன்படவில்லை பிரதமரே என்பார். ஒருநாள் சர்ச்சில் தன் தலைமை ராணுவ உதவியாளர் இஸ்மேயிடம் குமுறினார்: இந்த ஆள் போகட்டும், என்னை வெறுக்கிறார், கண்ணிலேயே தெரிகிறது. இஸ்மே போய்க் கேட்டால், வெறுப்பா, அவர் மேல் பாசம் வைத்திருக்கிறேன், ஆனால் ஒப்பாததை ஒப்புக்கொண்டேன் என்று நான் சொல்லும் நாளில் என்னை அவர் தாராளமாக அனுப்பிவிடலாம் என்றார் புரூக். இதைக் கேட்டதும் சர்ச்சிலின் கண் கலங்கிவிட்டதாம். மறுநாள் மேஜைக் குத்து வழக்கம்போல் தொடர்ந்திருக்கும்.

வீட்டுச் சண்டை போதாதென்று வெளியே அமெரிக்கர்கள். பிரான்ஸில் உடனே இறங்கிவிட வேண்டும் என்று 1942-இலேயே துடித்தார் அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் ஜெனரல் மார்ஷல். வேண்டாம், முதலில் வட ஆப்பிரிக்கா, பிறகு இத்தாலி என்று பிடித்த பிடியில் நின்றார் புரூக். மார்ஷல் உத்தமர், ஆனால் போர்த் தந்திரம் தெரியாதவர் என்பது டைரியின் தீர்ப்பு. மார்ஷலுக்கும் அவரைப் பற்றி இனிமையான அபிப்பிராயம் இருந்ததாகத் தெரியவில்லை.

1943 ஆகஸ்டில் கனடாவின் கியூபெக் நகரில் இரு தரப்புத் தளபதிகளும் கூடினார்கள். சச்சரவு முற்றியதால் இளைய அதிகாரிகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அது ஓய்ந்த பிறகு மவுண்ட்பேட்டன் ஒரு வேடிக்கை காட்ட அனுமதி கேட்டார். மரத்தூள் கலந்து உறையவைத்த பனிக்கட்டியால் விமானந்தாங்கிக் கப்பல் கட்டலாம் என்பது அவருடைய தரப்பின் அபூர்வ யோசனை. அதன் உறுதியை நிரூபிக்க, கூட்ட அறையிலேயே ரிவால்வரை எடுத்துச் சுட்டார். சாதாரணப் பனிக்கட்டி சிதறியது. மரத்தூள் கட்டியோ குண்டைத் திருப்பி அனுப்பியது. அது உலகப் போரை நடத்துகிற பெருந்தலைகளின் கால்களுக்கிடையே ரீங்காரமிட்டபடி பறந்தது. வெளியே நின்றவர்கள், அட, இப்போது சுட்டுக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டார்கள் என்றார்களாம். பின்னாளில் இந்தியாவைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு மவுண்ட்பேட்டனிடம்தான் வந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு பாதியில் நிற்கும்.

அதே கியூபெக்கில் புரூக்குக்கும் ஓர் அடி விழுந்தது. பிரான்ஸ் படையெடுப்பின் தலைமை உங்களுக்குத்தான் என்று சர்ச்சில் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார், அதுவும் ஒருமுறை அல்ல. ஆற்றைப் பார்த்த மாடியில் நடந்துகொண்டே, அது அமெரிக்கருக்குப் போகிறது என்றார் இப்போது. வருத்தம் தெரிவிக்கும் வார்த்தை ஒன்றுகூட வரவில்லை என்பது புரூக்கின் மனக்குறை. கடைசியில் அந்த இடம் ஐசன்ஹோவருக்குப் போனது. மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வரும் சங்கடம் இது. அனுப்பிவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கமாட்டார்.

அவ்வருட நவம்பரில் டெஹ்ரான். சர்ச்சிலின் 69-வது பிறந்தநாள் விருந்தில் ஸ்டாலின் எழுந்து, புரூக்குக்கு எங்கள் மேல் நட்பே இல்லை என்று சீண்டினார். புரூக் எழுந்தார். எதிரியை ஏமாற்ற நீங்கள் பொம்மை டாங்கிகள் வைத்ததாகச் சொன்னீர்கள், என்னிடமும் அந்தப் பொம்மைகளை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் நிஜ நட்பைக் கவனிக்கத் தவறிவிட்டீர்கள் என்றார். ஸ்டாலினுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த விருந்திலேயே பரிசாரகர் ஏந்தி வந்த பிரம்மாண்ட ஐஸ்கிரீம் சரிந்து, ஸ்டாலினின் மொழிபெயர்ப்பாளர் பாவ்லவ் மேல் விழுந்தது. மனிதர் ஐஸ்கிரீமில் குளித்தபடியே மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். ஸ்டாலினிடம் வேலை பார்ப்பவர் வேறென்ன செய்வார்? புரூக்கின் உத்தியோகம் எவ்வளவு சொகுசானது என்பது அந்த நிமிடத்தில் அவருக்கே புரிந்திருக்க வேண்டும்.

1944-இல் சர்ச்சிலுக்குப் புதிய காதல் பிறந்தது, சுமத்ராவின் வடமுனையின் மேல். பிடித்து என்ன செய்வது என்று கேட்டால் திருப்தியான பதில் இல்லை. மார்ச்சில் மூன்று தளபதிகளும் சேர்ந்து ராஜினாமா செய்யலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டது. மூவரும் ஒன்றாக நின்றால் சர்ச்சில் சபிப்பார், மீறிப் போகமாட்டார். 1915-இல் துருக்கியின் கலிபோலிப் படையெடுப்பில் பட்ட சூடு அவருக்கு ஆறியிருக்கவில்லை. சுமத்ரா தப்பித்தது.

எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழகியவருக்கு அதுவே வியாதியாகவும் ஆகும். நார்மண்டி இறக்கத்துக்கு முந்திய ராத்திரி, இது இந்தப் போரின் படுமோசமான நாசமாக முடியலாம் என்று டைரியில் நடுங்கினார். முடியவில்லை. ஐசன்ஹோவரைப் பற்றி அவர் எழுதியவற்றில் பலவும் இன்று படித்தால் வெறும் வயிற்றெரிச்சல்.

1945 மார்ச் 3-ஆம் தேதி, ஜெர்மனியின் புகழ்பெற்ற சீக்ஃபிரீட் அரண் வரிசைக்குச் சர்ச்சில் போனார், கூடவே புரூக்கும். படம் பிடிக்கக் கூடாது என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டு, பிரதமர் டாங்கிகளைத் தடுக்க அங்கே நட்டிருந்த கான்கிரீட் பற்களின் மேல் சிறுநீர் கழித்தார். அப்போது அவர் முகத்தில் பூத்த குழந்தைச் சிரிப்பை மறக்கவே முடியாது என்று எழுதிவைத்தார் புரூக். போர் முழுவதிலும் அவர் ஆட்சேபிக்காத ராணுவ நடவடிக்கை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

போர் முடிந்தது. பட்டம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. ஆசை ஆசையாகச் சேர்த்த பறவைப் புத்தகங்களை விற்றார், வீட்டை விட்டுத் தோட்டக்காரர் குடிசைக்கு மாறினார். சர்ச்சில் ஆறு தொகுதிகளில் போரின் கதையை எழுதினார். அவற்றில் புரூக் தலைகாட்டுவது அபூர்வம். 1957-இல் டைரி புத்தகமாக வந்தது. சர்ச்சில் ரசிக்கவில்லை. புரூக் 1963-இல் இறந்தார், லண்டன் வைட்ஹாலில் சிலை வைத்தது 1993-இல்.

முப்பது வருஷம் தாமதமானதில் ஆச்சரியமில்லை. ஜெயித்த சண்டைக்குச் சிலை வைப்பது சுலபம். டிரான்ட்ஹெய்மிலும் சுமத்ராவிலும் நடக்காமல் போன சண்டைகளுக்கு எங்கே வைப்பது? அங்கே சாகாமல் வீடு திரும்பிப் பென்ஷன் வாங்கியவர்கள் யார் யாரென்று அவர்களுக்கே தெரியாது. நன்றி சொல்ல வரிசையில் நிற்க ஒருவரும் இல்லாத வேலை அது. அதைச் செய்துவிட்டு, பிரதமரின் திட்டும் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலைக் கூட்டத்துக்கு வந்து புதுப் பென்சிலோடு உட்கார ஒரு முரடர் தேவைப்பட்டார்.