ஹேப்பி கோட் அருளிய சமூகத்துக்கு

கனம் பொருந்திய வாடிக்கையாளர் சேவை மையத்தின் சமூகத்துக்கு, திருச்சி உறையூரிலிருந்து அடியேன் எழுதிக்கொண்டது.

நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று நேற்று மாலை தங்கள் பணியாளர் ஒருவர் தொலைபேசியில் தெரிவித்தார். ஓடாத ஃப்ரிட்ஜை ஓடாமலே விட்டுவிட்டுப் போனதற்கு வாங்கிய விசிட் சார்ஜைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்கத்தான் அழைத்திருந்தேன். "சிஸ்டத்துல நீங்க ஹேப்பின்னு இருக்கு சார். ஹேப்பி கோட் கொடுத்திருக்கீங்க. ஹேப்பியான கஸ்டமருக்கு ரீஃபண்ட் கிடையாது" என்றார். இத்தனை வயதில் என் மகிழ்ச்சியை யாரும் இவ்வளவு அடித்துச் சொன்னதில்லை. கல்யாணத்தன்று வீடியோ எடுத்தவர்கூட "கொஞ்சம் சிரிங்க சார்" என்று கெஞ்சினாரே தவிர, கோடு கேட்கவில்லை.

தங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இலவச விளம்பரமாகிவிடும். இலவசம் என்றால் தங்களுக்கு என்ன அர்த்தம் என்பது எஸ்டிமேட்டிலேயே புரிந்துவிட்டது.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நடிகை '10 வருட கம்ப்ரஸர் வாரண்டி' என்ற ஸ்டிக்கருக்குள் இன்னமும் சிரித்துக்கொண்டிருக்கிறார். வாங்கி நாலு வருடம்தான் ஆகிறது. தங்கள் டெக்னீஷியன் வந்தார், பின்பக்கம் கை வைத்துப் பார்த்தார், கம்ப்ரஸர் போய்விட்டது என்றார், கம்ப்ரஸர் ஃப்ரீ என்றும் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் அம்மா அவருக்கு மோர் கொடுத்தார். மோரைக் குடித்து முடித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னார்: கேஸ் ஏற்ற 2,800, ஃபில்டர் 450, லேபர் 1,500, வண்டி வாடகை 800. கூட்டினால் 5,550. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 999. ஆக, இலவச கம்ப்ரஸரின் விலை 6,549 ரூபாய். தேர் இலவசம், சக்கரம் தனி, வடம் தனி, இழுக்கிற ஆளுக்குக் கூலி தனி.

யோசித்துச் சொல்கிறோம் என்றோம். யோசிப்பதற்கும் கட்டணம் இருந்தது: விசிட் சார்ஜ் 499, ஜிஎஸ்டியோடு 588 ரூபாய் 82 பைசா. கால் ரூபாய் நாணயமே 2011-ல் செல்லாததாகிவிட்டது. 82 பைசாவை இன்னும் கைவிடாமல் காப்பாற்றி வரும் தங்கள் தேசபக்தியை எண்ணி வியந்து, ஜிபேயில் அனுப்பிவைத்தேன்.

பிறகுதான் அந்த ஹேப்பி கோடு. "மொபைலுக்கு நாலு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க சார். கால் குளோஸ் பண்ணலேன்னா என் காசுல கை வெச்சுடுவாங்க" என்றார். ரிப்பேரே ஆகலையே தம்பி என்றேன். "அது வேற கால் சார். அதுக்கு வேற கோடு வரும்." நான் வாயடைத்து நின்ற நேரத்தில், வெயில்ல அலையற பிள்ளைக்கு நாலு நம்பர் சொன்னா என்ன கொறஞ்சு போச்சு என்று அம்மாவே என் போனை வாங்கி எண்ணைப் படித்துவிட்டார். டெக்னீஷியன் தெருமுனை தாண்டுவதற்குள் "உங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. நட்சத்திரம் கேட்டு இன்னொன்று. அஞ்சு போடச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். நாலு போட்டால் ஃபெயிலாம். அந்தப் பையன் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. காலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு, சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுத் தங்கள் மகிழ்ச்சியைச் சேகரித்து வருகிறவர்.

இனி, மகிழ்ச்சியானதாக அறிவிக்கப்பட்ட வீட்டில் அடுத்து நடந்தவை. ஃப்ரிட்ஜ் இல்லாததால் இட்லி மாவு ராத்திரியோடு ராத்திரியாகப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் இறங்கி வந்தது. மொத்தமாக அரைத்தால்தானே புளிக்கிறது என்று தினம் ஒரு பிடி உளுந்தை மிக்ஸியில் போட ஆரம்பித்தோம். முதலில் கப்ளர் தேய்ந்தது, அப்புறம் காயில் கருகியது. ஃப்ரீசரில் உருகிய தண்ணீர் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் போய் வீட்டுக்கே கரண்ட் போனது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்த கையோடு, கிணற்று மோட்டாரிலும் கண்டென்சர் வீங்கியிருக்கிறது என்ற நற்செய்தியைச் சொன்னார். மிக்ஸியைப் பார்த்தவரும் சரி, இவரும் சரி, கோடு கேட்கவில்லை. அதனால் மிக்ஸி விஷயத்திலும் மோட்டார் விஷயத்திலும் நான் மகிழ்ச்சியா இல்லையா என்று இன்றுவரை அதிகாரபூர்வமாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் தங்களிடம் கேட்க முடியாது என்பதும் தெரியும். வாரண்டி அட்டையை அம்மாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன். பழுதால் விளையும் தொடர் நட்டங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. பிளாஸ்டிக், பல்பு, கண்ணாடி, கதவு ரப்பர் சேராது. எலி, பல்லி, கரப்பான் சேராது. வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் சேராது. படிக்கப் படிக்க, கதவில் சிரிக்கும் நடிகைக்கு மட்டும்தான் முழு வாரண்டி என்று தெரிந்தது. தெய்வச் செயலும் சேராதாம். அந்த ஒரு வரியில் மட்டும் தங்கள் அடக்கம் தெரிகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஃப்ரிட்ஜில் மாவு மட்டும் இல்லை, அம்மாவின் இன்சுலின் இருந்தது. பிரிக்காத குப்பி 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். வெளியே அக்னி நட்சத்திரம், 40 டிகிரி. ராத்திரி எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, மருந்தைக் கொஞ்சம் வெச்சுக்கறீங்களா என்று கேட்டு நின்றேன். அதற்கு முன்பு தங்களைத்தான் கூப்பிட்டேன். தமிழுக்கு எண் அழுத்தினேன், பாட்டு வந்தது, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் வந்தது. என்ன முக்கியம்? கடைசியில் கிடைத்த ஆளிடம் மருந்து கெட்டுவிடும் என்று சொன்னால், புதுப் புகார் பதிவு செய்யட்டுமா, விசிட் சார்ஜ் 499 என்கிறார். எழுபது தாண்டிய மனுஷியின் மருந்து ஐயா அது. மோர் கொடுத்த கை. வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். மகிழ்ச்சி சற்று எல்லை மீறிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். பிறகு ஒருநாள் நாச்சியார் கோவில் பக்கத்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனை அழைத்துவந்தேன். பின்பக்கம் குனிந்து, 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து அடங்குவதைக் காது கொடுத்துக் கேட்டார். "கம்ப்ரஸருக்கு ஒண்ணும் இல்ல தம்பி, ரிலேதான் போயிருக்கு" என்று கம்ப்ரஸரின் விலாவிலிருந்து சின்னக் கறுப்பு டப்பா ஒன்றைப் பிடுங்கி வேறொன்றைச் செருகினார். ரிலே 300, கூலி 200. கேஸும் ஏற்றவில்லை, ஃபில்டரும் மாற்றவில்லை. அரை மணியில் உள்ளே குளிர்ந்தது. அவரும் கோடு கேட்காமலே போய்விட்டார். இப்படி இருந்தால் அவர் எந்தக் காலத்தில் கார்ப்பரேட் ஆவது?

ஆகவே சமூகத்திடம் அடியேனின் விண்ணப்பம் சின்னது. நல்ல கம்ப்ரஸரைச் செத்துவிட்டது என்று சொன்னதற்கு வாங்கிய 588 ரூபாய் 82 பைசாவைத் திருப்பித் தந்தருள வேண்டும். மனமில்லை என்றாலும் பாதகமில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நானே நின்று பேசலாம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்து விவரம் கேட்டுக்கொண்டேன். மனுவை எழுதி, ரிலேயை ஒரு கவரில் போட்டு அதோடு பின் அடித்து வைத்திருக்கிறேன்.

பணம் வந்து சேர்ந்தால் தங்கள் மொபைலுக்கு நான்கு இலக்க எண் ஒன்றை அனுப்பிவைப்பேன். அதைத் தாங்கள் எனக்குப் படித்துக் காட்டினால்தான் என் பக்கம் இந்தக் காலை குளோஸ் பண்ண முடியும்.

இங்ஙனம்,
தங்கள் சிஸ்டத்தில் உள்ளபடி