ராபனின் உள்வெட்டு

வலது ஓரத்தில் பந்தை வாங்க வேண்டும். எதிரே நிற்கும் டிஃபெண்டரை நோக்கி நேராக ஓட வேண்டும். பெனால்டி பெட்டியின் மூலை நெருங்கியதும் இடப்பக்கம் திரும்பி மைதானத்தின் நடுவை நோக்கிப் போக வேண்டும். இரண்டு மூன்று தட்டு. பிறகு இடது காலால், தூரத்துக் கம்பத்தைக் குறிவைத்து வளைத்து அடிக்க வேண்டும். ஆர்யென் ராபன் என்ற டச்சு ஆட்டக்காரர் 2009 முதல் 2019 வரை பயர்ன் மியூனிக் சங்கத்துக்காக ஆடிய 309 ஆட்டங்களில் மறுபடி மறுபடி செய்தது இதைத்தான். அந்த ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 144.

இதை உள்வெட்டு என்போம். இதைப் பற்றி எழுத ஒரே ஒரு காரணம்தான் உண்டு. இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிரணிப் பயிற்சியாளருக்குத் தெரியும், டிஃபெண்டருக்குத் தெரியும், அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். தெரிந்தும் பத்தாண்டுகள் தடுக்க முடியவில்லை. கால்பந்தில் வஞ்சனை என்றால் எதிரி எதிர்பாராததைச் செய்வது என்றே இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறோம். ராபன் எதிர்பார்த்ததையே செய்தார். அப்படியானால் அந்த இலக்கணத்தில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது.

முதலில் வரலாறு. ராபன் 1984 ஜனவரி 23 அன்று நெதர்லாந்தின் வடக்கே, குரோனிங்கன் மாகாணத்தில், பேடம் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே கூர்ஃபர் முறையில் பயின்றார். வீல் கூர்ஃபர் 1974இல் ஃபெயனூர்ட் அணிக்கு யூஇஎஃப்ஏ கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர். பெரிய ஆட்டக்காரர்களின் அசைவுகளைத் தனித்தனியாகப் பிரித்து, பிள்ளைகளுக்கு ஆயிரம் முறை செய்ய வைத்துக் காலில் பதியச் செய்யலாம் என்று நம்பியவர். ஒரே அசைவை மெருகேற்றிக்கொண்டே போகும் பொறுமை ராபனுக்கு அந்தப் பள்ளியில் வந்தது என்பது என் கருத்து.

ஆனால் அவர் வளர்ந்தது இடது விங்கராக. இடது காலன் இடது ஓரத்தில் நிற்பான், கோட்டை ஒட்டி ஓடிக் கடைசி வரை போய்ப் பந்தை உள்ளே தூக்கிப் போடுவான். டச்சுக் கால்பந்தின் பழைய ஒழுங்கு அதுதான். குரோனிங்கனில் 2000இல் பதினாறு வயதில் அறிமுகமானபோதும், 2002இல் பிஎஸ்வி ஐந்தோவனுக்குப் போனபோதும் அவர் ஆடியது அப்படித்தான். 2004இல் செல்சி. அங்கே பயிற்சியாளர் மொரின்யோவிடம் டேமியன் டஃப் என்ற இன்னொரு இடது காலரும் இருந்தார். இரண்டு இடது காலருக்கு ஒரு இடது ஓரம் போதாது. ஆட்டத்தின் நடுவே ஒருவர் வலப்பக்கம் போக வேண்டியிருந்தது. ஏராளமான பின்னாளைய கோல்களுக்கு விதை அந்த இட நெருக்கடியில் விழுந்தது. 2007 முதல் இரண்டாண்டு ரியல் மாட்ரிட். அதன்பின் அவர்கள் அவரை விற்றார்கள்.

மியூனிக்கில் அப்போது பயிற்சியாளர் லூயி ஃபான் ஹால். வலது காலரான ஃபிராங்க் ரிபெரியை இடப்பக்கமும் இடது காலரான ராபனை வலப்பக்கமும் நிறுத்தினார். 2009 ஆகஸ்ட் 29, வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிரான ஆட்டம். சங்கத்தில் சேர்ந்த மறுநாளே இடைவேளைக்குப் பிறகு இறங்கிய ராபன் இரண்டு கோல் அடித்தார். பயர்ன் 3-0 என வென்றது. உள்வெட்டு தன் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாள் அது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். அவர் வேகமானவர், வேறென்ன இருக்கிறது என்பார்கள் சிலர். வேகம் நேர்கோட்டில் உதவும். உள்வெட்டு நேர்கோடு அல்ல. கூட்டத்துக்குள் குறுக்கே போவது. அங்கே முழு வேகம் எடுக்க இடமே கிடையாது. ராபனை விட வேகமாக ஓடக்கூடிய எத்தனையோ பேர் அதே மூலையில் பந்தைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு கனமானது. உள்ளே வருவான் என்று தெரிந்தால் உள்வழியை அடைத்துவிட வேண்டியதுதானே? அடைத்துப் பார்த்தார்கள். அப்போது வெளிவழி திறந்தது. ராபன் அவ்வப்போது வலப்புறமாகவும் போனார். அவர் போகாவிட்டாலும் அவருக்குப் பின்னாலிருந்து வலது டிஃபெண்டர் ஃபிலிப் லாம் வெளியே ஓடி வந்தார். இரண்டு வாசல் உள்ள வீட்டுக்கு ஒரே காவலாள் என்ற நிலைமை. லாமைக் கவனிக்க இரண்டாவது டிஃபெண்டர் அரையடி நகர்ந்தால் போதும், ராபனுக்கு வேண்டியது அந்த அரையடிதான். லாமின் அந்த ஓட்டங்களில் பெரும்பாலானவற்றில் அவருக்குப் பந்து வரவே இல்லை. தனக்குப் பந்து வராது என்று தெரிந்தே முழு வேகத்தில் ஓடுவது கால்பந்தின் உயர்ந்த பண்புகளில் ஒன்று. ராபனின் கோல்களைப் புகழும்போது லாமின் பெயரையும் சேர்த்துச் சொல்லாதவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மையக் கேள்வி அப்படியே இருக்கிறது. லாம் வராத நேரங்களிலும், எதிரே இரண்டு பேர் நின்ற நேரங்களிலும் அது பலித்ததே, எப்படி?

ராபன் ஓடும்போது அவருடைய காலடிகளைப் பாருங்கள். மிகக் குட்டையான அடிகள், நெருக்கமான தட்டுகள். பந்து எப்போதும் இடது காலுக்கு எட்டும் தூரத்தில். ஆகவே எந்தக் கணத்திலும் அவரால் திரும்ப முடியும். எதிரே பின்னோக்கி நகரும் டிஃபெண்டருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கால் தரையில் ஊன்றியிருக்கும்போதுதான் அவன் திசை மாற்ற முடியும். ஒரு காலைத் தூக்கி எடையை மறுகாலுக்கு மாற்றும் அந்தச் சிறு இடைவெளியில் அவன் கையறு நிலையில் இருக்கிறான். ராபன் காத்திருந்தது அந்த இடைவெளிக்காக. தோளை ஒருமுறை தாழ்த்துவார், டிஃபெண்டர் எடை மாற்றுவான், அதற்குள் பந்து உள்ளே போயிருக்கும். எந்தத் திசை என்பது டிஃபெண்டருக்கு ஆட்டத்துக்கு முந்தின நாளே தெரியும். எந்தக் கணம் என்பது அந்தக் கணம் கடந்த பிறகுதான் தெரியும். தடுப்பவனுக்கு உதவக்கூடியது இரண்டாவது அறிவு மட்டுமே.

அடியிலும் இதே நியாயம்தான். காலை நன்றாகப் பின்னிழுத்து அடிப்பவர் முன்னறிவிப்புக் கொடுத்துவிடுகிறார். ராபன் ஓட்டத்தின் ஒரு அடியையே உதையாக மாற்றினார். கோல்கீப்பருக்கும் பந்துக்கும் நடுவே டிஃபெண்டரின் உடம்பு நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டு கம்பத்துக்கு வெளியே போவதுபோல் கிளம்பும் பந்து கடைசியில் உள்ளே வளையும்.

சான்று வேண்டுவோர் 2010 மார்ச் 9, ஃபிளாரன்ஸ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தைப் பார்க்கலாம். ஃபியோரென்டினா முன்னிலையில் இருக்கிறது. ராபன் வலப்புறமிருந்து உள்ளே வந்து, வெகு தூரத்திலிருந்து மேல் மூலைக்கு அடிக்கிறார். பயர்ன் 3-2 எனத் தோற்றது, இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தால் 4-4, எதிரி மண்ணில் அடித்த கோல்களின் கணக்கில் முன்னேறியது. அடுத்த மாதம் மான்செஸ்டரில் அதே கதை, அதே 3-2, அதே 4-4. இம்முறை ரிபெரி அடித்த கார்னரைப் பெட்டியின் விளிம்பில் நின்று, தரையில் விழவிடாமல் இடது காலால் அனுப்பினார். அது உள்வெட்டு அல்ல. ஆனால் அந்த இடமும் அந்தக் காலும் நமக்குப் பழக்கமானவை.

அந்த ஆண்டின் முடிவு கசப்பானது. மே 22 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதி, அவரை விற்ற மாட்ரிட்டின் பெர்னபேயு அரங்கிலேயே. இன்டர் மிலான் 2-0. ஜூலை 11, ஜோகன்னஸ்பர்க், உலகக் கோப்பை இறுதி. 62ஆவது நிமிடம் சக டச்சுக்காரரான ஸ்னைடர் தடுப்பைப் பிளந்து பந்தைக் கொடுக்க, ராபனுக்கு எதிரே ஸ்பெயின் கோல்கீப்பர் இகேர் கசியாஸ் மட்டும். கசியாஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார், ஆனால் நீட்டிய வலது காலில் பட்டுப் பந்து வெளியே போனது. அங்கே டிஃபெண்டர் யாரும் முன்னால் இல்லை, காலடியைப் படிக்க வேண்டிய உடம்பு எதுவும் இல்லை. யோசிக்க நேரமும் இருந்தது. ராபனின் கலை ஒரு எதிராளியின் மேல் எழுதப்படுவது. வெட்டவெளி அவருக்குத் தோதான இடமல்ல என்று நான் எண்ணுவது அந்த நிமிடத்தை வைத்துத்தான்.

பெனால்டிகளும் அதையே சொல்கின்றன. 2012 ஏப்ரலில் பட்டத்தைத் தீர்மானித்த ஆட்டத்தில் டார்ட்மண்டின் கோல்கீப்பர் வைடன்ஃபெலர் அவருடைய பெனால்டியைப் பிடித்தார். அந்த அணியின் டிஃபெண்டர் சுபோடிச் ஓடி வந்து அவர் முகத்துக்கு நேரே கத்தினார். அடுத்த மாதம் சொந்த அரங்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில், கூடுதல் நேரத்தில், அவருடைய பெனால்டியைத் தடுத்தவர் செல்சியின் பெட்ர் செக். ராபனோடு மூன்று ஆண்டு ஒரே அணியில் இருந்தவர். கோப்பை செல்சிக்குப் போனது. மூன்றே நாளில் அதே அரங்கில் பயர்னும் நெதர்லாந்தும் மோதின. 2010இல் நெதர்லாந்துக்காக ஆடி ராபன் காயம்பட்டதற்கு ஈடாக ஒப்புக்கொள்ளப்பட்ட ஆட்டம் அது. அதில் ஆரஞ்சுச் சட்டையோடு இறங்கிய ராபனை பயர்ன் ரசிகர்களே ஊளையிட்டு இகழ்ந்தார்கள். அந்த ஊளை அநியாயமானது. அவ்வளவு தூரம் அந்த அணி வந்ததில் பெரும்பங்கு அவருடையது.

2013 மே 25, வெம்பிளி. எதிரே மீண்டும் டார்ட்மண்ட், மீண்டும் வைடன்ஃபெலர், மீண்டும் சுபோடிச். 60ஆவது நிமிடத்தில் பயர்னின் மாஞ்சுகிச் அடித்த கோலுக்குப் பந்து கொடுத்தது ராபன். டார்ட்மண்டின் குண்டோவான் பெனால்டியில் சமன் செய்தார். 89ஆவது நிமிடத்தில் ரிபெரி குதிகாலால் தள்ளிய பந்து ராபனின் வழியில் வந்தது. இந்தமுறை வலது ஓரமில்லை, நட்டநடு. ஆனால் சுற்றிலும் டிஃபெண்டர்கள். நடுவே புகுந்தார், கோல்கீப்பர் எடை மாற்றும் வரை பொறுத்தார், பிறகு இடது காலால் மெதுவாக உருட்டிவிட்டார். வளைவில்லை, வேகமில்லை. கணம் மட்டும் இருந்தது. உள்வெட்டின் உயிர் எதில் இருந்தது என்பதற்கு, உள்வெட்டே இல்லாத இந்தக் கோலை விடச் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது பெரிய அணிகள் பலவற்றில் இடது காலர் ஒருவர் வலப்பக்கம் நிற்கிறார். சாலா, சாகா, யமால். நிறுத்தும் முறை பரவியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் சாலா டிஃபெண்டர்களுக்கு இடையே ஓடும் ஓட்டங்களாலும் யமால் கூட்டாளிக்கு அனுப்பும் பந்துகளாலும் வாழ்கிறார்கள். ஒரே அசைவை நம்பி ஒரு தொழில் வாழ்க்கை முழுவதையும் அதன்மேல் கட்டியவர் என்று இவர்களில் யாரையும் சொல்லத் தோன்றவில்லை.

ராபன் 2019இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு, நோய்த்தொற்றுக் காலத்தில், சொந்தச் சங்கமான குரோனிங்கனுக்குக் கைகொடுக்கத் திரும்பி வந்தார். முதல் ஆட்டத்திலேயே காயம். திடீரென நிற்பதும் திரும்புவதும் தொடைத் தசையைத் தின்னும். வாழ்க்கை முழுவதும் அவர் அந்த விலையைக் கட்டிக்கொண்டே இருந்தார். 2021 மே மாதம் எமன் அணிக்கு எதிராக, முப்பத்தேழு வயதில், தொடக்கத்திலிருந்து இறங்கி இரண்டு கோல்களுக்குப் பந்து கொடுத்தார். குரோனிங்கன் 4-0. ஜூலையில் இரண்டாம் முறையாக, இறுதியாக, விலகினார்.